இரண்டு லயங்கள்

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி நெடுந்தூரம் செல்கிறது. அந்நீரின் அடியிலே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீருள் அமிழ்ந்தன. மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் காலங்களில் அவற்றின் இடிபாடுகள் மேலே தெரியும். சுற்றுவட்டாரத்து மக்கள் இறங்கிச் சென்று அவற்றைப் பார்த்து வருவர். கல் மூழ்கியும் மீண்டும் தலைகாட்டுகிறது. ஆயின் அத்தெருக்களில் ஒலித்த பாட்டும், மாசி மாதத்து இரவுகளில் முழங்கிய தப்பும் எந்த வறட்சியிலும் வெளிப்படப் போவதில்லை. ஒலி இடிபாடுகளை விட்டுச் செல்வதில்லை.

இந்த எளிய உண்மையே மலையக மக்களின் இசைமரபு பற்றிய எல்லா விவாதங்களுக்கும் அடிப்படையாக அமைதல் வேண்டும். அது அவ்வாறு அமையவில்லை என்பதே வேதனைக்குரியது. உலகின் பல நாடுகள் தம் இசைவாணர்கள் பிறந்த வீட்டையும் வாழ்ந்த வீட்டையும் நூதனசாலைகளாக்கிப் பேணி வருகின்றன. இருநூறு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் மலையகத்தில் அத்தகைய நினைவில்லம் ஒன்றேனும் இல்லை. அங்கு இசைவாணர் எவரும் தோன்றவில்லை என்பது இதற்குக் காரணமாகாது. அவர்கள் பாடிய இடம் வீடு என்றும், அவர்கள் பாடியது இசை என்றும் கருதப்படாமையே காரணம்.

தமிழிலே 'லயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. இசை பயில்வோர் 'சுருதி மாதா, லயம் பிதா' என்பர். அங்கு லயம் என்பது தாளத்தின் உயிர்நாடி. மலையகத்திலோ லயம் என்பது பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அளவான காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் தோட்டக் குடியிருப்பு. முதல் லயத்தைப் பற்றிப் பேசுவோர் சபாக்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றனர். இரண்டாம் லயத்தைப் பற்றிப் பேசுவோர் தொழிற்சங்க மேடைகளில் இருக்கின்றனர். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதை எடுத்துச் சொல்வோரே அரிதாகிவிட்டனர்.

உலகம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைச் சற்று நோக்குதல் தகும். மொசார்ட் 1756இல் சால்ஸ்பேர்க் நகரில் பிறந்தபோது அவருடைய குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கவில்லை. பிறர் வீட்டின் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தனர். அந்த வாடகைக் குடியிருப்பே 1880இல் நூதனசாலையாயிற்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி இளமையில் வாழ்ந்த போர்த்லின் வீதி வீடு, நகரசபை தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த தொடர்வீடுகளில் ஒன்று. அதனை அந்நாட்டின் தேசிய மரபுரிமை அறக்கட்டளை 1995இல் வாங்கிப் பேணி வருகிறது. அரண்மனைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பேணிவந்த நிறுவனம் ஒரு தொழிலாளியின் சமையலறையைப் பேணத் தலைப்பட்டதென்றால், அங்கே பாடப்பட்ட பாட்டைச் சமுதாயம் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள்.

அமெரிக்கக் கறுப்பின இசைமேதை லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கதை இன்னும் கூர்மையானது. 1901இல் நியூ ஓர்லியன்ஸ் நகரின் வறிய சந்தொன்றில் அவர் பிறந்தார். அந்தச் சிறுவீடு 1964இல் இடித்துத் தள்ளப்பட்டது. அப்போது அவர் உலகப் புகழின் உச்சியில் உயிரோடு இருந்தார். புகழ் இருந்தும் ஏழையின் பிறப்பிடத்தை எவரும் காக்கவில்லை. 1943 முதல் 1971இல் மறையும் வரை அவர் வாழ்ந்த நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதி வீடு மட்டும் எஞ்சியது. 2003இல் அது பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. அவ்வீட்டின் பெருஞ்செல்வம் நாற்காலிகளும் திரைச்சீலைகளும் அல்ல. தம் வீட்டிலேயே அவர் பதிந்து வைத்த ஏறத்தாழ 650 ஒலிநாடாக்களே அதன் செல்வம். நண்பரோடு பேசிய பேச்சும், வீட்டில் எழுந்த சிரிப்பும், பயிற்சியின்போது ஊதிய எக்காளமும் அவற்றில் உள்ளன. ஓர் இசைவாணரின் வீட்டைச் சுவராக மட்டும் காத்தல் கூட்டைக் காத்துக் குயிலைக் கைவிடுதல் போன்றதாகும்.

தமிழகத்து நிலைமை யாது? தியாகராசர் 1847 சனவரி 6ஆம் நாள் திருவையாற்றில் மறைந்தார். அவருடைய கீர்த்தனங்கள் இன்று உலகெங்கும் பாடப்படுவதற்கு அவர் வாழ்ந்த வீட்டின் சுவர்கள் காரணமல்ல. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் முதலிய மாணவர்கள் அவற்றை ஏட்டில் எழுதிக் காத்தனர். அச்சுவடித் தொகுதி பின்னர் மதுரைச் சௌராட்டிர சபையில் பேணப்பட்டது. சிதைந்து கிடந்த அவருடைய சமாதியைக் கண்டு நிலம் வாங்கி, 1921இல் திருப்பணி தொடங்கி, 1925இல் குடமுழுக்குக் கண்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த அந்த அம்மையார் தம் பொருளைக் கொட்டி எழுப்பிய இடத்திலேயே பெண்கள் பாடுவதற்கு ஆடவர் இடம் தரவில்லை. அவர் 1927 முதல் பெண்களுக்கெனத் தனி ஆராதனை நடத்த வேண்டியதாயிற்று. நினைவுச்சின்னம் எழுப்பும் கைகளே நினைவிலிருந்து ஒதுக்கப்படும் கொடுமை தமிழர்க்குப் புதியதன்று.

தியாகராசர் காவிரிக் கரையில் கண்மூடிய அதே 1840களில், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துகொண்டிருந்தனர். கோப்பித் தோட்டங்கள் அவர்களை அழைத்தன. வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டன. அவர்களும் பாடிக்கொண்டே வந்தனர். தாலாட்டு வந்தது, ஒப்பாரி வந்தது, தெம்மாங்கும் கும்மியும் வந்தன, தப்பும் உருமியும் வந்தன. ஒரே நிலத்தில், ஒரே காலத்தில் எழுந்த இரண்டு இசைகளுள் ஒன்று ஏட்டிலேறி மேடை கண்டது. மற்றொன்று லயத்திலேறி இருளில் நின்றது. இதனை இசையின் தரம் தீர்மானித்தது என்று கூறுவார் உளரேல், அவர்கள் வரலாற்றை அறியாதவர்கள்; அல்லது அறிந்தும் மறைப்பவர்கள்.

பெயர் சொல்லக்கூடிய இசைவாணர் மலையகத்தில் இல்லை என்பாருக்கு ஒரு பெயரைச் சொல்லலாம். மீனாட்சி அம்மாள். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதைத் துரைமார் தடுத்திருந்த காலத்தில் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றவர் கோ. நடேசய்யர். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவரும் அவரே. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களிலே முதலில் பாடினார்; பிறகே பேச்சு நடந்தது. படிப்பறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு அவர் பாட்டே பத்திரிகையாயிற்று. மக்கள் நாவில் புழங்கிய மெட்டுகளை எடுத்து அவற்றில் உரிமைக் குரலை ஏற்றினார். அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. இன்று ஹற்றன் நகரில் பேருந்து விட்டிறங்கும் ஒருவர், அந்த அம்மையார் பாடிய மேடை எது, வாழ்ந்த வாயில் எது என்று கேட்டால், விடை சொல்லும் பலகை ஒன்று உண்டா? அவருடைய குரலைக் கேட்க ஓர் ஒலித்தட்டு உண்டா?

மீனாட்சி அம்மாளின் நிலை இதுவென்றால் லயத்துப் பாடகரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் தப்படித்து மக்களைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தவர் ஓர் இசைக்கலைஞர் என்று எந்த ஏடும் எழுதவில்லை. மாசிப் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மதனுமாக இரவிரவாக ஆடிய இளைஞர்க்கு நட்டுவாங்கம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரின் பெயரும் பதியப்படவில்லை. கங்காணியின் கொடுமையையும் கணக்கப்பிள்ளையின் சூழ்ச்சியையும் கொழுந்துக் கூடையின் பாரத்தையும் மெட்டுக்குள் அடக்கிய பெண்களின் பெயரும் அவ்வாறே. "இவை நாட்டார் பாடல்கள்; யார் பாடினர் என்று தெரியாது" என்று ஆய்வாளர் அடிக்குறிப்பிட்டு நகர்ந்துவிடுகின்றனர். தெரியாது என்பது முழு உண்மையன்று. அப்பெண்களின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது. செக்றோலிலே எழுதப்பட்டது. அரைப்பேர், முழுப்பேர் என்று கூலியைக் கணக்கிட அப்பெயர்கள் தேவைப்பட்டன. பறித்த கொழுந்துக்குப் பெயர் வேண்டியிருந்தது. பாடிய பாட்டுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை.

தொகுத்தவர்கள் சிலர் இருந்தனர். அவர்களுக்கு மலையகம் கடமைப்பட்டுள்ளது. பூண்டுலோயா மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை பாடல்களைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுதியைத் தந்தார். சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்து எழுதினார். ஆயினும் அச்சில் ஏறியது சொல்லே, குரல் ஏறவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அம்மக்களுள் எத்தனை பாடகர் இருக்கின்றனர் என்று இரு பிரதமர்களும் எண்ணிப் பார்க்கவில்லை. தப்பைத் தோளில் மாட்டியவாறே தலைமன்னாருக்கு இரயிலேறியவர்கள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிதறினர். ஒரு லயத்தின் பாட்டு இரண்டாகப் பிளந்து, இரு நாடுகளிலும் அநாதையாயிற்று.

இதற்கிடையில் மலையகத்தில் எது காக்கப்படுகிறது என்பதையும் காண வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் குடிசை இருந்த இடமும், அவர் அமர்ந்த கல்லிருக்கையும் போற்றப்படுகின்றன. கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்றில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களும் டெயிலரின் நினைவுகளும் முதன்மையிடம் பெறுகின்றன. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில பழைய தளபாடங்களோடு உல்லாச விடுதிகளாக விளங்குகின்றன. துரை தேநீர் அருந்திய கோப்பைக்குக் கண்ணாடிப் பேழை கிடைத்துவிட்டது. கொழுந்து பறித்த கை தட்டிய தாளத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

ஒரு விதிவிலக்கைப் பெருமையோடு குறிப்பிடல் வேண்டும். கம்பளைக்கு அண்மையில் பரதெக்கவின் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்றைத் திருத்தித் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலையைச் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் திறந்தது. தொழிலாளர் பயன்படுத்திய கருவிகளும் பத்திரங்களும் அணிகளும் அங்கே உள்ளன. லயத்தையே நூதனசாலையாக்கலாம் என்பதை நிறுவிய பெருமை அதற்குரியது. அதன் அடுத்த படி, லயத்தை இசைவாணரின் இல்லமாக ஏற்றுப் பேணுதலாகும். அதற்கு நல்லதண்ணியைவிடப் பொருத்தமான இடம் அரிது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பல்லாயிரம் யாத்திரிகர் அவ்வழியே பாடிக்கொண்டு ஏறுகின்றனர். பாதையோரத்து லயங்கள் அவர்களுக்கு வெறும் காட்சியாகக் கடந்துபோகின்றன. பாடிச் செல்வோர் சற்று நின்று, அம்மண்ணில் வாழ்வோரின் பாட்டையும் கேட்கட்டும்.

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வாதங்கள் மூன்று.

முதலாவது, லயம் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது, தொழிலாளிக்கு உறுதிப்பத்திரம் இல்லை, எனவே நினைவில்லம் எழுப்ப வழியில்லை என்பது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அது முற்றாக மீண்டது. ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்னும் பேச்சு 2015க்குப் பின்னரே செயலுருப் பெற்றது. எனவே சொத்துரிமையின் அருமையை மலையகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மொசார்ட்டின் பெற்றோரும் வாடகைக் குடிகள்; மக்கார்ட்னியின் பெற்றோரும் வாடகைக் குடிகள். பத்திரம் இல்லாமையால் அவ்வீடுகள் அழியவில்லை. உறுதி எவரிடம் உள்ளது என்பதைவிட உறுதி கொண்டோர் எவர் என்பதே பெரிது.

இரண்டாவது வாதம் வலிமையுடையது. அதனை முன்வைப்போர் மலையகத்தின் இளந்தலைமுறையினர். லயம் அவமானத்தின் சின்னம். புகையும் ஒழுக்கும் நோயும் நிறைந்த சிறை. அதனைப் பேணுவது வறுமையைக் காட்சிப்பொருளாக்குவதாகும். இடித்துத் தரைமட்டமாக்குவதே முறை என்பர். இக்கோபம் நியாயமானது. அதற்கு விடை ஒன்றே. ஒரு லயத்தைக் காக்க வேண்டுமாயின் ஏனைய லயங்கள் அனைத்தும் இடிக்கப்பட வேண்டும். மக்கள் இன்றும் குடியிருக்கும் ஒன்றை நூதனசாலை என்று அழைக்க முடியாது. மழைநாளில் ஒழுகும் தகரத்தின் கீழ் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்க, அடுத்த வரிசையை வெள்ளையடித்து உல்லாசப் பயணிக்குக் காட்டுவது கலைப்பணியாகாது, அது கொடுமை. ஆகவே நினைவில்லக் கோரிக்கையும் வீட்டுரிமைக் கோரிக்கையும் ஒன்றே. அதேவேளை, அனைத்தையும் சுவடின்றி அழித்துவிட்டால் நன்மை அடைவோர் யார்? இவ்வாறு மனிதரைக் குடியமர்த்தினோம் என்பதற்குச் சான்றில்லாமற் போவதை விரும்புவோரே. சிறையிலிருந்து விடுபட்டவன் சிறையின் அளவை மறத்தல் ஆகாது. அந்த அளவுக்குள் நின்றே அவன் பாடினான் என்பதையும் மறத்தல் ஆகாது.

மூன்றாவது, இன்றைய இளைஞர் சினிமாப் பாட்டையே பாடுகின்றனர், பழம்பாட்டு இறந்துவிட்டது என்னும் புலம்பல். மக்கள் நாவில் புழங்கிய மெட்டை எடுத்துப் போர்க்குரலாக்கிய மீனாட்சி அம்மாளை நினைவுகூர்ந்தால் இப்புலம்பல் அடங்கும். பழையது தூயது, புதியது கெட்டது என்னும் மயக்கம் லயத்துப் பாடகர்க்கு என்றும் இருந்ததில்லை. பேணப்பட வேண்டியது உயிருள்ள ஓட்டமே. அதில் இன்றைய இளைஞரின் குரலுக்கும் இடமுண்டு.

இவற்றினும் பெரிய தடை ஒன்று உளது. அது வெளியிலிருந்து வந்ததன்று. தப்பு, சாவுக்குரிய கருவி என்றும், அதை அடிப்போர் தாழ்ந்தோர் என்றும் ஒதுக்கிய சாதி மனம் கப்பலேறி வந்தது. லயத்துக்குள்ளும் வரிசை பிரித்தது. துரை புறக்கணித்தான் என்று குற்றஞ்சாட்டும் வாய், தப்படித்தவரைத் தன் இஸ்தோப்பில் ஏற்றியதா என்று தன்னையே கேட்க வேண்டும். கலைவிழா மேடைகளில் தப்பாட்டம் இன்று கைதட்டல் பெறுகிறது. நிகழ்ச்சி நிரலிலோ வயலின் வாசிப்பவருக்குப் பெயரும் பட்டமும் உண்டு; தப்படிப்போர் 'குழுவினர்' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. இந்த மனம் மாறாது எழுப்பப்படும் நினைவில்லம் திருவையாற்றுக் கதையையே மீண்டும் நடத்திக் காட்டும்.

ஆகவே நல்லதண்ணியில் எழ வேண்டிய இல்லம் எத்தகையது? ஒரேயொரு லயவரிசை போதும். ஒரு காம்பராவில் தாலாட்டு, ஒன்றில் ஒப்பாரி, ஒன்றில் காமன் கூத்து, ஒன்றில் தொழிற்சங்க மேடைப் பாட்டு என ஒலிப்பதிவுகள் அமையட்டும். ஒவ்வொரு குரலுக்கும் முன்னே பாடியவரின் பெயரும் தோட்டமும் டிவிசனும் பாடிய ஆண்டும் அவர் இசைவோடு எழுதப்படட்டும். பதிவின் படி அவருடைய குடும்பத்திடமும் இருக்கட்டும். இஸ்தோப்பில் கண்ணாடிப் பேழைக்குள் அடைபடாத தப்பு ஒன்று தொங்கட்டும். அதனைக் கற்பிப்பதற்கு அத்தோட்டத்தவரே ஆசிரியராக, ஊதியத்தோடு அமர்த்தப்படட்டும்.

கட்டடத்துக்குப் பணமும் அனுமதியும் வேண்டும். அவற்றுக்காகப் போராடவும் வேண்டும். ஆனால் ஒலிப்பதிவுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ள தொலைபேசி ஓர் ஒலிப்பதிவுக் கருவி. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு, அவர் பெயரோடு பதிந்து வருவாராயின், ஒரே ஆண்டில் அந்த இல்லத்தின் முதற் காம்பரா நிறைந்துவிடும். 1823 முதல் 2023 வரையான இருநூறு ஆண்டுகளை ஊர்வலத்தாலும் மாநாட்டாலும் நினைவுகூர்ந்தாயிற்று. அந்த முதியவர்களோ அடுத்த நூற்றாண்டு விழாவுக்குக் காத்திருக்கப் போவதில்லை.

மவுஸ்ஸாக்கலையின் நீர் தாழும்போது கோயிற் சுவர் தெரியும். அதைக் காணக் கூட்டம் கூடும். எண்பது வயதுக் கிழவியொருத்தி தன் காம்பராவில் இறுதியாகப் பாடி ஓய்ந்தபின் எந்த நீரும் தாழ்ந்து அவள் பாட்டை மீட்டுத் தராது. அவள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். கேட்பதற்கு ஆள் செல்ல வேண்டும்.